பொய்யோ சுதை?

பத்து பாகாட் என்னும் மலாய்ப் பெயருக்கு 'உளியால் செதுக்கிய கல்' என்பது பொருள். ஆயினும் ஊரின் பழைய தெருவாகிய ஜாலான் ரஹ்மாட்டில் நின்று நிமிர்ந்து நோக்கினால் கண்ணிற் படுவது கல் அன்று, சுதை. போருக்கு முன் எழுந்த கடைவீடுகளின் முகப்பில் தூண் தலையும் பூக்கொத்தும் சன்னல் வளைவும் கல்லெனத் தோன்றும். உள்ளே இருப்பது செங்கல், மேலே இருப்பது சாந்து.

இது பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர். ஆங்கிலத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளை வேறொன்றாகக் காட்டுதல் கட்டடக் கலையின் பொய் என்று கடிந்தார். செங்கல்லின்மேல் பூசுவதை அவர் குறை கூறவில்லை. பூச்சைக் கல்லாக நடிக்க விடுவதையே வெறுத்தார். அக்கோலை நம் தெருவுக்கு அப்படியே நீட்டுதல் தகாது. நம் கோபுரத்துச் சுதையுருவங்களைக் கல்லென்று எண்ணி ஏமாந்தவர் யார்? மழை மிகுந்த நாட்டில் செங்கல்லுக்குச் சாந்து ஆடை. ஆடையில் பூவேலை செய்தல் மனித இயல்பு.

சாந்து வேலையில் நம்மவர் கைவண்ணம் காணச் சிங்கப்பூர் செல்லவேண்டும். அங்கே 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியோர் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள். சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் முரட்டுச் சர்க்கரையும் கூட்டி, தேங்காய் மட்டை ஊறிய நீரால் குழைத்துப் பூசினர். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். அதற்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே பெயர். (கட்டியவர் பெயர்கள் மறைந்தன, ஊர்ப்பெயர் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டது.) ஜாலான் ரஹ்மாட் வீடுகளைத் தமிழர் பூசினர் என உரிமை கொண்டாடுவது என் நோக்கமன்று. சுண்ணச்சாந்து நமக்கு அயற்பொருள் அன்று என்பதே கருத்து.

அஞ்சடியைப் பற்றியும் ஒரு சொல். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதித்த தொடர்நடையே அது. முகப்பின் அழகு வீட்டுக்காரர்க்கு. அஞ்சடியின் நிழல் வழிப்போக்கர்க்கு. அதனாலேயே தனித்தனி வீடுகள் ஒரு வரிசையாயின.

என் மனக்குறை பழுதுபார்ப்போரிடம். சுண்ணச்சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமெண்டு விடாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டுக்குப் பின்னே சிறைப்பட்டு, உப்புப் பூத்துச் செங்கல்லை உதிர்க்கிறது. அதை மறைக்க மீண்டும் சிமெண்டு, அதன்மேல் கனத்த வண்ணம். ரஸ்கின் கடிந்த பொய் இங்கேதான் உளது. ஒரு முகப்பில் பூக்கொத்தின் இதழ்களை எண்ண முயன்றேன். வண்ணத்தின் தடிப்பில் ஐந்தோ ஆறோ, தெரியவில்லை.