ஒரே வயிறு, நாலு கணக்கு

விதிமுறை என்பதும் ஒரு பிரதிதான். கவிதையை வாசிப்பதுபோல அதையும் வரிக்கு வரி வாசிக்கலாம். யார் எழுதியது, யாரை நினைத்து எழுதியது, யாரை நினைக்காமலேயே எழுதியது என்று கேட்கலாம். கர்ப்பமாக இருந்துகொண்டு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கல்லூரியில் படிக்கிற பெண்ணைப் பற்றிய சில விதிகளை இங்கே வாசிக்க எடுத்துக்கொள்கிறேன். கூடவே நம்முடைய எழுத்துகள் சிலவற்றையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. விதி எழுதுகிறவர்களும் சரி, கதை எழுதுகிற நாமும் சரி, படிக்கிற பெண்ணையும் புள்ள பெத்துக்கிற பெண்ணையும் இரண்டு வேறு ஆளாகவே வைத்திருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிப் பேராசிரியைக்கு, அரசு ஊழியர் என்ற முறையில், 2021 ஜூலையிலிருந்து பேறுகால விடுப்பு ஒரு வருடம், சம்பளத்தோடு. அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற பெண்ணுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதியும் 2022 விதியும் சொல்வது, படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை. அதே கட்டடத்தில் கீழே பி.ஏ. வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு? சென்னைப் பல்கலைக்கழக விதியில் ஒரு சலுகை உண்டு. திருமணமான மாணவி படிப்புக் காலத்தில் கருவுற்றால் 75 விழுக்காடு வருகைக்குப் பதில் 55 விழுக்காடு போதும். மருத்துவர் சான்றிதழ் வைக்க வேண்டும்.

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 விழுக்காடு என்றால் 68 நாள். 55 விழுக்காடு என்றால் 50 நாள். ஆக, கர்ப்பத்துக்காக அவளுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 18 நாள். மற்ற எல்லா மாணவருக்கும் உள்ள 22 நாள் அவளுக்கும் உண்டே என்று கேட்கலாம். அந்த 22 நாளும் வாந்தியிலும் மயக்கத்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் முன்னமே கரைந்து போயிருக்கும். மிச்சம் இந்தப் பதினெட்டில்தான் அவள் பெற்று, படுத்து, பால் கொடுத்து, எழுந்து, பஸ் பிடித்து வர வேண்டும். கல்யாணம் ஆகாமல் கருவுற்றவளுக்கோ, விதியின் சொற்படி பார்த்தால், அந்தப் பதினெட்டும் இல்லை.

ஒரு வருடம், 240 நாள், 18 நாள், பூஜ்யம். ஒரே வயிறு, நாலு கணக்கு. பேராசிரியையின் கர்ப்பப்பை சுருங்க ஒரு வருடமும் மாணவியின் கர்ப்பப்பை சுருங்கப் பதினெட்டு நாளும் ஆகும் என்று எந்த மருத்துவ நூலிலும் இல்லை. பேராசிரியைக்குக் கொடுத்ததைப் பிடுங்கு என்று நான் சொல்லவில்லை. அது போராடி வாங்கிய உரிமை. ஆனால் படி இறங்க இறங்க உரிமை தேய்ந்துகொண்டே வருவதற்கு அம்பேத்கர் ஒரு பெயர் வைத்தார்: படிநிலைச் சமத்துவமின்மை. சாதியைப் பற்றிச் சொன்னது. பல்கலைக்கழகத்தின் மாடிப்படிக்கும் அச்சாகப் பொருந்துகிறது. நம் பெண்கள் எந்தப் படியில் கூட்டமாக நிற்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சலுகை அதிகம் உள்ள படியில் நாம் குறைவு. நாம் அதிகம் உள்ள படியில் சலுகை குறைவு.

இனி சொற்களைப் பார்ப்போம். 240 நாள் விடுப்பு 'வழங்கலாம்' என்கிறது மானியக் குழு. 'வழங்க வேண்டும்' இல்லை. இந்த 'லாம்' ஒரு சின்ன விகுதிதான். ஆனால் வழிகாட்டியின் முகம் பார்த்து, துறைத்தலைவரின் முகம் பார்த்து, அலுவலக எழுத்தரின் முகம் பார்த்து நிற்க வைப்பது அந்த 'லாம்'தான். 2021 டிசம்பர் 14 அன்று மானியக் குழு எல்லாத் துணைவேந்தர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் பேறுகால விடுப்பு, வருகைத் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்கு நாள் நீட்டிப்பு ஆகியவற்றுக்கு விதி வகுத்துக்கொள்ளும்படி அதில் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். உரிமையை வேண்டுகோளாக எழுதினால் அதைக் கையில் வாங்குகிறவனுக்கு மறுக்கும் உரிமையும் சேர்ந்தே போய்விடுகிறது.

'திருமணமான' என்ற சொல் இன்னும் மோசம். அது கர்ப்பத்தைப் பார்க்கவில்லை, தாலியைப் பார்க்கிறது. சாதி மீறிக் காதலித்து, பதிவுக்கு வழியில்லாமல், இரண்டு வீட்டிலும் அடிக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிற பெண்ணிடம் போய் என்ன சான்றிதழ் கேட்பது?

தகுதியை எழுதி வைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. நான் ஏனாத்தூர்க்காரி. வெளியூர்க்காரர்களுக்கு ஏனாத்தூர் என்றால் 1993இல் நிகர்நிலை ஆன பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. இங்கிருந்து உத்திரமேரூர் போனால் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலைத் தேர்தலின் பெருமை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் நிற்பவனுக்குத் தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. 'பறையன் வராதே, பெண்ணே வராதே' என்று தனியாக வெட்டத் தேவையே இல்லை. தகுதியை வெட்டினாலே போதும், மற்றது தானாக நடக்கும். வருகைப் பதிவேடும் அதே வேலையைச் செய்கிறது. 'கர்ப்பிணியே வெளியே போ' என்று எந்தக் கல்லூரியும் எழுதுவதில்லை. 75 என்று எழுதுகிறது. அவள் தானாகப் போய்விடுகிறாள்.

அப்படிப் போகாமல் நின்றதால் சொல்கிறேன். பி.எட். இரண்டாம் வருடம், பள்ளியில் போய்ப் பாடம் எடுக்கும் பயிற்சி பதினாறு வாரம், எண்பது நாள். அதில் 90 விழுக்காடு வருகை வேண்டும். எட்டு நாள்தான் எடுக்கலாம். பயிற்சி ஆரம்பிக்கும்போது என் பிள்ளைக்கு நாற்பது நாள். கல்லூரியில், பெயர் வேண்டாம், கோபமாக யாரும் பேசவில்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்கள்: "உடம்பப் பாத்துக்கம்மா, அடுத்த வருசம் வா. படிப்பு எங்க போயிடப் போவுது?" வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்கம்மா சேலையை உதறிக் கட்டிக்கினே சொல்லிச்சு: "படிப்பு எங்கயும் போவாதுடி. நீதான் பூடுவ."

அந்த எண்பது நாளும் அம்மா என்னோடு வந்தது. பள்ளிக்கு எதிர்ப்புறம் புங்க மரத்தடியில் தூளி கட்டி உட்காந்துக்கும். மணி அடிச்சா ஓடிப் போய்ப் பால் கொடுத்துட்டு ஓடி வருவேன். அதற்கு ஒரு அறை கிடையாது. முந்தானைதான் அறை. நடவு நேரம். எங்கம்மாவுக்கு எண்பது நாள் கூலி போச்சு. என் பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது, பதிவாளர் கையெழுத்து இருக்கிறது, அந்த எண்பது நாள் கூலி இல்லை. நம்மிடத்தில் முதல் தலைமுறையாகப் படித்த பல பெண்களுக்குப் பின்னால் இப்படிக் கூலி போன ஒரு அம்மாவோ ஆயாவோ இருப்பாள். அப்படி ஒருத்தி இல்லாதவள் படிப்பை நிறுத்தியிருப்பாள். பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதைச் சேரிக் கிழவிகள் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதே இங்கே உண்மை நிலவரம்.

அரசாங்கத்துக்கு இந்தப் பெண்ணைத் தெரியாதா? நன்றாகத் தெரியும், இரண்டு முறை தெரியும். கரு உண்டானதுமே நர்சம்மா வந்து பிக்மி எண் போட்டுவிடும். முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 2018இலிருந்து 18,000 ரூபாய் உதவி. இன்னொரு பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்த திருமண உதவித் திட்டம். 2011இலிருந்து தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். பத்தாவது படித்தவளுக்கு 25,000, பட்டம் வாங்கியவளுக்கு 50,000. அதாவது பட்டத்தின் விலை கல்யாணத்தன்றுதான் கைக்கு வரும். 2022இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப்பெண் திட்டமாக ஆக்கினார்கள். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணி ஒரு கோப்பில், மாணவி ஒரு கோப்பில். இரண்டு கோப்பிலும் இருப்பது ஒரே பெண் என்றால், அந்தக் கோப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

சரி, அரசாங்கத்தைத் திட்டியாயிற்று. நம் எழுத்துக்கு வருவோம். சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலில் கௌரி கல்யாணத்திலிருந்து தப்பித்துத்தான் கல்லூரிக்குப் போகிறாள். படிப்பு என்றால் அங்கே கல்யாணத்திலிருந்து விடுதலை. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' படிப்பிலிருந்து ஆசிரியர் வேலைக்கும் கன்னிமடத்துக்கும், பிறகு அங்கிருந்து வெளியேயும் போகிறது. 1994இல் வந்த 'சங்கதி'யில் உழைக்கிற, அடி வாங்குகிற, பெறுகிற பெண்கள் வாய் திறந்து பேசுகிறார்கள். மூன்றுமே நமக்கு வழி போட்டவை. ஆனால் நான் வாசித்தவரை, தமிழ் தலித் எழுத்தில் படிக்கிறவள் பெறுவதில்லை, பெறுகிறவள் படிப்பதில்லை. மராத்தியில் ஊர்மிளா பவார் 2003இல் எழுதிய 'ஆய்தான்' தன்வரலாற்றில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எம்.ஏ. படித்ததையும், அது வீட்டில் கிளப்பிய கசப்பையும் மறைக்காமல் சொல்கிறார். விடுதலைக்குப் போராடுகிறவர் வீட்டிலும் அடுப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் துணிச்சல் அது.

நம் ஆண் தோழர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தையும் ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். 'பொறுமையுடன் ஒத்துழைத்த மனைவிக்கும், என் அரவணைப்பை இழந்த குழந்தைக்கும்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஒருத்தியின் நிறுத்தப்பட்ட படிப்பு இருக்கலாம். தேடிப் பார்த்ததுண்டா?

இங்கே ஒரு மறுப்பு வரும், அதுவும் நம் ஆட்களிடமிருந்தே வரும். 'படிக்கிற காலத்தில் எதற்குக் கல்யாணம், எதற்குப் பிள்ளை? பாபாசாகேப்பே தள்ளிப் போடச் சொல்லவில்லையா?' சொன்னார். 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், நிறையப் பெறாதீர்கள் என்று பெண்களிடம் நேராகவே பேசினார். அதே அம்பேத்கர் 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, அதன் சுமையில் பெரும்பங்கை அரசு தாங்க வேண்டும் என்பது அவர் வாதம். மறு வருடம் அது பம்பாயில் சட்டமாயிற்று. இரண்டுக்கும் முரண் இல்லை. முன்னது பெண்ணுக்குச் சொன்ன யோசனை. பின்னது நிறுவனத்துக்கு வைத்த கடமை. யோசனையைக் காட்டிக் கடமையைக் கழித்துக்கொள்ள அவர் இடம் கொடுக்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பதில் கட்டிக் கொடுத்துவிடும் வழக்கத்தை எதிர்ப்போம். எதிர்க்கிற அதே வாயால், கட்டிக் கொடுக்கப்பட்டவளின் படிப்பைக் காப்பாற்றுவோம். இல்லாவிட்டால் அந்தக் கல்யாணத்துக்குத் தண்டனை கட்டுபவள் அவள் ஒருத்தியாகவே இருப்பாள்.

நீதிமன்றத்தை நம்பலாமா? 2010இல் டில்லி உயர்நீதிமன்றம் கர்ப்பிணிச் சட்ட மாணவிகளுக்கு வருகைத் தளர்வு வேண்டும் என்றது. 2018இல் அதே நீதிமன்றம் இன்னொரு சட்ட மாணவிக்கு மறுத்தது. 2021இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை விதி வகுக்கச் சொன்னது. 2023இல் டில்லி, எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில், படிப்பா தாய்மையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்றது. ஒருநாள் கதவு திறக்கும், ஒருநாள் மூடும். கைக்குழந்தையோடு உயர்நீதிமன்றம் போக எங்கள் தெருவில் யாருக்கு வழி?

பக்கத்து மாநிலத்தில் வேறு வழி பிடித்தார்கள். 2022 டிசம்பரில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 18 வயதுக்கு மேற்பட்ட இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு 60 நாள் பேறுகால விடுப்பு என்று முடிவெடுத்தது. திரும்பி வரும்போது மறுசேர்க்கை வாங்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் கேரள அரசு அதை மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் விரித்தது. 60 நாள் போதாது. ஆனாலும் அது பி.ஏ. வகுப்பு வரை இறங்கி வந்த விதி.

நாம் கேட்க வேண்டியதும் பெரிய சங்கதி இல்லை. 'லாம்' போய் 'வேண்டும்' வர வேண்டும். 'திருமணமான' என்ற சொல்லை அடிக்க வேண்டும். விடுப்பு நாளை வராத நாளாக எழுதாமல் வந்த நாளாக எழுத வேண்டும். தவறிய செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் அதே பருவத்தில் மறுவாய்ப்பு, அதற்குக் கட்டணம் இல்லை, உதவித்தொகையில் வெட்டு இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017 சட்டத் திருத்தம் சொன்னது. ஊழியர் பிள்ளைக்குத் திறக்கும் கதவை மாணவியின் பிள்ளைக்கும் திறக்க வேண்டும். பால் கொடுக்க, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை. அப்பனாகிற மாணவனுக்கும் சில நாள் விடுப்பு, அவனும் தூளி ஆட்டட்டும்.

மாணவத் தோழர்கள் தங்கள் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தில் இந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். எத்தனை நாள், யாருக்கு, என்ன சொல்லில் இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். இடையில் நின்றுபோன பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வாங்குங்கள். 'அடுத்த வருசம் வாம்மா' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த வருசம் வந்தார்கள் என்ற கணக்கை எந்தப் பதிவாளரும் எடுக்கப் போவதில்லை. நாம்தான் எடுக்க வேண்டும்.