விருந்தோம்பலும் சட்டமியற்றுவோரும்

விருத்தாசலத்தில் பீங்கான் பொருளை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பதுண்டு. மேற்பூச்சு எத்துணைப் பளபளப்பாயிருப்பினும், உள்ளே விரிசல் இருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். பொதுவாழ்வில் நேர்மை பற்றி நம் அரசியல் கட்சிகள் பேசிவருவனவற்றையும் இவ்வாறு தட்டிப் பார்ப்பது நம் கடமையாகும். "யாருடைய செலவில்?" என்னும் எளிய கேள்வியே அதற்குப் போதும்.

2017 பிப்ரவரி 8-ஆம் நாள் அ.இ.அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் சென்னையிலிருந்து பேருந்துகளில் கூவத்தூர் சொகுசு விடுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பத்து நாள்களுக்குப் பின் நடைபெற்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்ற கணக்கில் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், அக்கட்சியின் தினகரன் ஆதரவாளர் புதுச்சேரி விடுதியிலும், பின்னர் குடகிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் 18 பேர் செப்டம்பர் 18-ஆம் நாள் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். அது முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தமைக்காகவேயன்றி, பிறர் செலவில் தங்கியமைக்காக அன்று.

இதனை ஒரு கட்சியின் குறை எனக் கொள்வது நேர்மையாகாது. அதே 2017-இல், மாநிலங்களவைத் தேர்தலுக்கு முன் குஜராத்தின் காங்கிரஸ் உறுப்பினர் பெங்களூரை அடுத்த விடுதியில் தங்கியிருந்தனர். 2022 ஜூனில் மகாராட்டிரத்தின் சிவசேனா உறுப்பினருள் ஒரு பிரிவினர் முதலில் சூரத்துக்கும், பின்னர் குவாஹாட்டிக்கும் சென்றனர். மும்பையில் ஆட்சி மாறியது. பிறர் செய்யும்போது விலைபேசுதல் என்றும், தாம் செய்யும்போது பாதுகாப்பு என்றும் இச்செயலுக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன.

எதிர்த்தரப்பின் பணவலையிலிருந்து உறுப்பினரைக் காப்பதற்கே இவ்வேற்பாடு எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. எனினும், பூட்டிவைத்தாலன்றி நேர்மையாயிரார் எனத் தன் உறுப்பினரையே ஐயுறும் கட்சி, அவர்களை மக்களிடம் எந்த உறுதியோடு அனுப்பிற்று? மேலும், விருந்தளித்தவருக்கு விருந்துண்டவர் கடன்படுகிறார். அக்கடன் எவ்வடிவில் தீர்க்கப்படுகிறது என்பதை வாக்களித்த மக்கள் அறிவதில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1985-ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம் உண்டு. மாநிலங்களவை 1997-இலும் மக்களவை 2000-இலும் நன்னெறிக் குழுக்களை அமைத்தன. அயல்நாட்டு விருந்தோம்பலை ஏற்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நடுவண் அரசின் முன்அனுமதி பெறவேண்டும் என்கிறது 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். ஆனால் அச்சட்டத்தின் எல்லை அயல்நாட்டோடு நின்றுவிடுகிறது. கையூட்டுப் பெற்று வாக்களிக்கும் உறுப்பினருக்கு அவையின் சிறப்புரிமை காப்பாகாது என உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 2024 மார்ச் 4-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். இது வரவேற்கத்தக்கது. எனினும் விடுதிச் செலவு கையூட்டு எனச் சான்றுகளோடு மெய்ப்பிப்பது எளிதன்று.

விருந்து எவ்வாறு நாவைக் கட்டுப்படுத்தும் என்பதற்குப் பிரிட்டன் நாடாளுமன்றத்திலிருந்து, தமிழரோடு தொடர்புடைய ஒரு சான்று காட்டலாம். வட அயர்லாந்தைச் சார்ந்த உறுப்பினர் இளைய இயன் பெய்ஸ்லி 2013-இல் இலங்கை அரசின் செலவில் குடும்பத்தோடு இருமுறை அந்நாட்டில் விடுமுறையைக் கழித்தார். அதனை உறுப்பினர் பதிவேட்டில் குறிக்கவில்லை. 2014 மார்ச்சில், இலங்கையின் மனித உரிமை மீறல்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டாமெனத் தம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2009-இல் வன்னியில் மாண்ட மக்களுக்காகப் பரிந்து பேச அவ்விருந்தில் எவரும் இருந்திலர். உண்மை வெளியானபின், 2018-இல் அவர் 30 அமர்வு நாள்கள் அவையிலிருந்து விலக்கப்பட்டார். அவரைத் திரும்ப அழைக்கும் மனுவில் சில நூறு கையொப்பங்கள் குறைந்தமையால் பதவி தப்பியது. தண்டனை போதுமா என்பது வேறு. பதிவேடு ஒன்று இருந்தமையால்தான் கேள்வியே எழுந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

பெய்ஸ்லியின் தந்தையார் பெயர்பெற்ற புராட்டஸ்டண்டுப் போதகர். ஆகவே நம்மை நாமும் தட்டிப் பார்த்தல் தகும். நம் திருச்சபை மன்றங்களின் தேர்தல் காலங்களில், வாக்குரிமை பெற்றோர் வேட்பாளர் செலவில் பயணம் செய்வதும் தங்குவதும் இல்லை என நாம் துணிந்து கூறவியலுமா? முதியவரான சாமுவேல் மக்கள்முன் நின்று, தாம் எவரிடத்தில் எதைப் பெற்றார் என்று அவர்களையே சாட்சிகூற அழைத்தார். நம்முள் அவ்வாறு நிற்கத்தக்கோர் எத்தனைபேர்?

புதிய குழுக்களை நாம் கேட்கவில்லை. பிறர் செலவில் பயணம் செய்யும், தங்கும் ஒவ்வோர் உறுப்பினரும், பணம் செலுத்தியவர் பெயரையும் தொகையையும் ஒரு திங்களுக்குள் பொதுப்பதிவேட்டில் எழுதி வெளியிடட்டும். சட்டமன்றத்திடம் இதனைக் கேட்குமுன், நம் மன்றங்களில் இப்பதிவேட்டைத் தொடங்குவோமாக.