பாசார் மாலாமில் யாரும் கட்டிப்பிடிப்பதில்லை

கொஞ்ச நாளாக மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளாகத் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். போட்டிக் கதைகள், ஞாயிறு பதிப்புக் கதைகள், நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்கும் கதைகள். நகரத்தில் நடக்கும் கதை என்றால் எங்காவது ஒரு பாசார் மாலாம் வந்துவிடுகிறது. வரும் விதமும் ஒன்றுதான். ஒரே ஒரு பத்தி. அதில் சாத்தே புகை, ஆப்பாம் பாலிக் மணம், கரும்புச்சாறு மெஷின் சத்தம், மூன்று இனமும் தோளோடு தோள். அப்புறம் நாயகன் வீட்டுக்குப் போய்விடுவான். கதை அங்கேதான் நடக்கும்.

எனக்கு இதில் சொந்தக் கோபம் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கம்மா பாசார் மாலாமில் வடையும் கறிபாப்பும் விற்றுத்தான் என்னைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்தார்.

நான் வளர்ந்தது சுங்கை வே. அவசரகாலத்தில் சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் குடியேற்றிய புதுக் கிராமங்களில் ஒன்று. 1972இல் பக்கத்திலேயே சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. மின்னணு ஆலைகளுக்குக் கம்பத்திலிருந்து மலாய்ப் பெண்களும் தோட்டத்திலிருந்து நம் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். இப்போது நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் வருகிறார்கள். ஊர்ப் பெயரை அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, ரயில் நிலையம்கூட ஸ்ரீ செத்தியா ஆகிவிட்டது. (பழைய பெயர் சுருங்கி 'சன்வே' ஆகிப் பேரங்காடி கட்டிக்கொண்டது தனிக்கதை.) அதே தண்டவாளத்தில் கிழக்கே போனால் கேஎல் சென்ட்ரல், இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். மேற்கே போனால் கிள்ளான். தீபாவளி வந்தால் எல்லாரும் இந்த இரண்டு முனைகளுக்குத்தான் ஓடுகிறார்கள். 2010 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் வந்து திறந்துவைத்த 'லிட்டில் இந்தியா'வின் வளைவுகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நடுவில் உள்ள நிலையத்தில் இறங்க எழுத்தாளர் யாரும் இல்லை.

சந்தை எப்படி நடக்கிறது என்பது கதைகளில் எங்கே? மதியம் மூன்று மணிக்கு வேன்கள் வரும். தார்ச் சாலையில் பெயின்ட் கோடு. கோட்டுக்கு ஒரு கை தள்ளிக் கூடாரக் கம்பி நட்டால் சண்டை. ஜெனரேட்டரை யார் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் இன்னொரு சண்டை. மழை வந்தால் தார்பாயில் தேங்கும் தண்ணீரைக் குச்சியால் தூக்கிவிட வேண்டும், அது பக்கத்துக் கடை மாவில் கொட்டாமல். ஆலைகளில் சம்பளம் போட்ட வாரம் கறிபாப் எட்டு மணிக்கே தீரும். மாதக் கடைசியில் ஒன்பதரைக்கு 'லேலோங்' கூவினாலும் மிஞ்சும். நான் இன்று ஆலையில் புரோசஸ் இன்ஜினியர். உற்பத்தி வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாலைதான் ஞாபகம் வரும். அங்கே அன்பு என்று தனியாக எதுவும் கிடையாது. ஆனால் நூறு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஆறு மணிநேரம் நிற்கிறார்கள். அது சும்மா நடப்பதில்லை.

நடக்காமல் போனதும் உண்டு. 2001 மார்ச்சில் எங்களுக்கு அடுத்தாற்போல இருக்கும் கம்போங் மேடானில் ஆறு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இந்தியர்கள். ஒரு மலாய்க் கல்யாண வீட்டுக்கும் ஓர் இந்தியச் சாவு வீட்டுக்கும் இடையிலான உரசலில் தொடங்கியது என்றுதான் எல்லா விவரிப்பும் ஆரம்பிக்கிறது. கா. ஆறுமுகம் அதைப் பற்றித் தமிழில் எழுதிய 'மார்ச் 8' நூலை அரசாங்கம் தடைசெய்தது. கல்யாணம், சாவு, இரண்டுமே தெருவை ஒன்றுசேர்க்கும் நிகழ்ச்சிகள் என்றுதான் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரே தெருவில் ஒரே நாளில் இரண்டும் வந்தால் என்ன ஆகும் என்று நம் புனைவு கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. "மூவினமும் தோளோடு தோள்" என்ற வரியை வாசிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சந்தையை எழுத முடியாது என்றில்லை. சுந்தர ராமசாமி 1966லேயே 'ஒரு புளியமரத்தின் கதை'யில் செய்து காட்டிவிட்டார். ஒரு முச்சந்தி, அதைச் சுற்றி முளைக்கும் கடைகள். கடைக்காரர்களின் போட்டி நகராட்சி அரசியலாகி, கடைசியில் சாவது மரம். அங்கே யாரும் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனாலும் அந்த இடம் இல்லாமல் அந்த மனிதர்களை நினைத்துப் பார்க்க முடியாது. இங்கேயே யாஸ்மின் அகமது 'செப்பெட்' படத்தில் (2004) மலாய்ப் பெண்ணையும் சீனப் பையனையும் சந்திக்க வைத்தது ஈப்போவில் திருட்டு விசிடி விற்கும் தெருக்கடையில். அவள் படம் கேட்கிறாள், அவன் விற்கிறான். வியாபாரம்தான் அந்தச் சந்திப்பை நம்ப வைக்கிறது. தமிழில் என்றால், ம. நவீனின் 'சிகண்டி' சௌகிட்டின் இருண்ட பக்கத்துக்குத் துணிந்து போகிறது. அந்த நாவலின் பலம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு எழுத வருகிற என் வயசுக்காரர்கள் நகரம் என்றாலே சந்து, கத்தி, கஞ்சா என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று சுற்றுலாத் துறைப் படம், இல்லாவிட்டால் குற்றப் பதிவு. நடுவில் தராசு வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு இடமில்லை.

நானும் யோக்கியனில்லை. ஒருமுறை முயன்று பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்துக் கடை ஒரு மாக்சிக், கோரேங் பீசாங் விற்பவர். அந்த மார்ச் மாதம் எனக்கு நாலு வயசு, அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா இரண்டு வாரம் கடை போடப் போகவில்லை. மூன்றாம் வாரம் போனபோது அவருடைய இடத்தில் கோட்டுக்குக் கோடு சரியாக வாழைப்பழக் கூடைகள் அடுக்கியிருந்தன. வேறு யாரும் பிடித்துவிடாமல் மாக்சிக் வைத்தவை. அம்மாவைப் பார்த்ததும் "மானா பெர்கி?" என்று கேட்டுவிட்டுக் கூடைகளை எடுத்துக்கொண்டார். எங்கே போனே? அவ்வளவுதான். அம்மா "காய்ச்சல்" என்று பொய் சொன்னார். அது பொய் என்று மாக்சிக்குக்கும் தெரியும். இரண்டு பேரும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்கள்.

இதை வைத்துக் கதை எழுதினேன். என் கதையில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பின்னணியில் பாங்கும் கோயில் மணியும் ஒரே நேரத்தில் கேட்டன. இப்போது வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் அந்தப் பொய்தான் கதை. பயந்துபோனேன் என்று ஒருத்தி சொல்ல முடியாது, பயப்படாதே என்று மற்றவள் சொல்லவும் முடியாது. சொல்லியிருந்தால் பேச்சு எங்கே போயிருக்கும்? அதனால் காய்ச்சல். அதை நான் அழுகையால் மூடினேன். ஏன் மூடினேன் என்றால், இப்படிப்பட்ட கதைகள் அப்படித்தான் முடியும் என்று வாசித்துப் பழகியிருந்தேன். ஒற்றுமையை நிரூபித்தே ஆக வேண்டும் என்ற அவசரம் எழுதுகிறவனுக்குத்தான், கடை போடுகிறவர்களுக்கு இல்லை.

அம்மாவிடம் அந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ணெய் கொதிக்கறப்ப யாருடா கட்டிப்பிடிப்பா?" என்றார்.

பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கடை. அம்மாவுக்கு மாக்சிக்கின் வீடு எங்கே என்று தெரியாது. மாக்சிக்கும் எங்கள் பிளாட்டுக்கு வந்ததில்லை. ஹரிராயாவுக்கு ஒரு பை ரெண்டாங், தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு, இரண்டும் கடை மேஜைக்கு மேலேயே கைமாறும். மாக்சிக் முட்டிவலியால் நின்றுவிட்ட பிறகு அந்த இடத்தில் மருமகன் கைப்பேசி உறை விற்கிறான். வாரா வாரம் கத்தரிக்கோலை வீட்டில் மறந்துவிட்டு அம்மாவிடம் கேட்கிறான். அம்மா திட்டிக்கொண்டே கொடுக்கிறார். போன வாரம் அவனுக்கென்று இரண்டு வெள்ளிக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் இன்னும் அவனிடம் கொடுக்கவில்லை.