ஓட்டவா, பாக்கவா?

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சென்னையில் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் விடியற்காலையில் கிளம்பி எங்காவது போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருவோம். இந்த முறை மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனோம். மூன்று அம்பாசிடர், இரண்டு பத்மினி, ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ஒரு கெசல், ஒரு பீட்டில், எண்பதுகளின் மாருதி 800 இரண்டு, அப்புறம் என் அப்பாவின் 1996 மாடல் 800. மொத்தம் பதினொன்று. பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் வரிசையாக நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாவது வண்டி வந்தது. சிவப்பு மினி. புத்தம் புதுசு. நண்பர் ஒருவரின் மைத்துனருடையது.

அவர் வரிசையின் கடைசியில் நிறுத்தப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பத்மினிக்காரர் தன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். போட்டோ எடுக்கும்போது மினி ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. "பேரு மினி, ஆளு பீமன்" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அப்புறம் வழக்கமான அந்த வாக்கியம் வந்தது: "என்ன இருந்தாலும் புதுசுல ஆன்மா இல்ல சார்."

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. கடந்த ஆறு வருடங்களில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன், பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். மினி, பீட்டில், ஃபியட் 500 என்று எந்தச் சின்னக் கார் மறு அவதாரம் எடுத்தாலும் பழைய கார் ரசிகர்களின் தீர்ப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. இலக்கியத்தில் யாராவது ஒரு நாவலைப் பற்றி 'ஆன்மா இல்லை' என்று மட்டும் எழுதினால் நாம் விடமாட்டோம், அப்படியென்றால் என்ன என்று கேட்போம். காருக்கும் கேட்கலாம்.

கேட்டுப் பார்த்தால் உள்ளே மூன்று புகார்கள் இருக்கின்றன. முதலாவது அளவு. 1959-இல் வந்த மினியின் நீளம் சுமார் 3.05 மீட்டர். பிஎம்டபிள்யூ 2001-இல் கொண்டுவந்த மினி 3.6 மீட்டரைத் தாண்டியது. இன்று விற்பது அதையும்விட நீளம். 1957-இன் ஃபியட் 500 மூன்று மீட்டருக்கும் குறைவு. 2007-இல் வந்தது மூன்றரை மீட்டருக்கு மேல். இரண்டாவது, உள்ளே இருப்பது. பழைய பீட்டிலுக்கும் பழைய 500-க்கும் எஞ்சின் பின்னால், காற்றில் குளிரும். புது அவதாரங்களில் எஞ்சின் முன்னால், மற்ற எல்லாக் கார்களையும் போல. முகம் மட்டும்தான் பழசு. மூன்றாவது ரிப்பேர். பத்மினியை எந்த ஊர் மரத்தடி மெக்கானிக்கும் பிரிப்பார். புது மினிக்கு ஸ்பேனருக்கு முன்னால் லேப்டாப் வேண்டும்.

மூன்றும் உண்மை. அதிலும் மூன்றாவது அற்பமானதல்ல. தன் பொருளைத் தானே பிரித்துப் பார்க்க முடிகிற உரிமை பெரிய விஷயம்.

ஆனால் இந்தப் புகார்கள் எதுவுமே அந்தக் கார்கள் ஏன் பிறந்தன என்ற கேள்வியைத் தொடுவதில்லை. 1956-இல் சூயஸ் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். குறைந்த எண்ணெயில் நாலு பேரைக் கொண்டுபோகிற வண்டி வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் அலெக் இசிகோனிஸிடம் கேட்டது. பத்தடிப் பெட்டிக்குள் நாலு பேருக்கு இடம் கண்டுபிடிப்பதற்காக அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள் செருகினார், சக்கரத்தைப் பத்து அங்குலமாக்கினார். இத்தாலியில் தாந்தே ஜியாகோசாவுக்குக் கிடைத்த கணக்கும் ஏறக்குறைய அதுவே: போருக்குப் பிறகு ஸ்கூட்டரில் போகிற குடும்பத்தைக் காரில் ஏற்ற வேண்டும். 479 சிசி, இரண்டு சிலிண்டர். நாம் இன்று 'க்யூட்' என்று கொஞ்சுகிற அந்த முகங்கள் கொஞ்சுவதற்காக வரையப்பட்டவையல்ல. காசும் எண்ணெயும் இல்லாத ஒரு காலத்தின் கணக்குக்கு வந்த விடைகள் அவை.

நம் ஊர்க் கணக்கும் வேறல்ல. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் விலை சுமார் ஐம்பதாயிரம் ரூபாய். மூன்று சிலிண்டர், 796 சிசி, 3.3 மீட்டர். ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு பயணம் செய்த ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பின் சீட்டில் உட்கார்ந்தது அதில்தான். நானும் அதில் ஒருவன். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேர் மீஞ்சூரிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் போவோம். 2003-இல் அப்பா இந்த 800-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கினார். காலையில் சோக்கை இழுத்து, இரண்டு நிமிஷம் காத்திருந்து எடுப்பார். ஏன் வாங்கினார் என்று அம்மாவிடம் சமீபத்தில் கேட்டேன். "அந்த வருஷம் மழையில உங்க அக்காவுக்குக் காய்ச்சல் வந்து நனைஞ்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அதுக்குத்தான்" என்றாள். காரின் வடிவம் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இப்போது மறு அவதாரங்கள் இந்தியாவுக்கு வந்த விலையைப் பாருங்கள். ஃபியட் 500 2008-இல், கிட்டத்தட்ட 15 லட்சம். பீட்டில் 2009-இல், 20 லட்சத்துக்கு மேல். மினி 2012-இல், ஏறக்குறைய 25 லட்சத்தில் தொடக்கம். பீட்டிலின் கம்பெனிப் பெயருக்கே 'மக்கள் வண்டி' என்றுதான் அர்த்தம். மக்களுக்காக வந்த மூன்று வண்டிகளும் மக்கள் வாங்க முடியாத விலையில் திரும்பி வந்தன. விடையின் கையெழுத்தை மட்டும் அழகாக நகல் எடுத்தார்கள், கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் ரசிகர்களின் முதல் புகார் இதுவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள்கூட இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காரணம் எளிது. எங்களுக்கும் அந்தக் கேள்வி மறந்துபோய்விட்டது. நாங்களும் முகத்தைத்தான் காதலிக்கிறோம்.

இதற்கு ஆதாரம் எங்கள் வரிசையிலேயே இருந்தது. அந்த கெசல் யார்? வண்டலூரில் 1961-லிருந்து செய்யப்பட்ட ஹெரால்டை எடுத்து, முகத்தை மாற்றி, பின் ஆக்சிலை மாற்றி, அதே ஸ்டாண்டர்ட் கம்பெனி 1972-இல் விட்ட மறு அவதாரம்தான். இன்று அதற்கு வரிசையில் மரியாதையான இடம். ஃபியட் 500-இன் கதை இன்னும் வேடிக்கை. நாம் மூலம் என்று கும்பிடுகிற 1957 வண்டியின் பெயரே 'நூவா 500', அதாவது புதிய 500. அதற்கு முன் 1936-இலேயே ஒரு 500 இருந்தது. ஐம்பது வருஷம் பொறுத்தால் ரீமேக்கும் ஒரிஜினல் ஆகிவிடுகிறது. அந்தச் சிவப்பு மினிக்கும் 2060-இல் ஒரு போட்டோ உண்டு.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. ஓஎம்ஆரில் உட்கார்ந்து காருக்குள் ஓடுகிற மென்பொருள் எழுதுகிறேன். மோதலின்போது ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாமா வேண்டாமா என்று இருபது முப்பது மில்லி செகண்டுக்குள் முடிவெடுக்கிற பகுதி. புது மினி ஏன் பீமனாக இருக்கிறது என்று கேட்டால் ஒரு பாதி பதில் என் மேஜையில் இருக்கிறது. கதவுக்குள் இரும்புச் சட்டம், முன்னால் நசுங்குவதற்கென்றே விட்ட இடம், ஏர்பேக், அதற்கு வயரிங். பழைய மினியில் உங்கள் முழங்காலுக்கும் முன்னால் வரும் லாரிக்கும் நடுவில் இருந்ததெல்லாம் கொஞ்சம் தகரமும் எஞ்சினும்தான். அந்த மெலிந்த தூண்களைத்தான் நாம் அழகு என்கிறோம். மறு பாதி பதில் பகட்டு, அதை நான் மறுக்கவில்லை. மின்சாரத்தில் ஓடும் அபார்த் 500இ-யில் பெட்ரோல் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக வெளியே விடுகிறார்கள். ஆன்மா கேட்டவர்களுக்கு ஒலிபெருக்கியில் ஆன்மா. சிரிப்பு வருகிறது. ஆனால் கேட்டது நாம்தானே?

டீக்கடைக்குப் பின்னால், கரையில் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. பக்கத்தில் நீல நிற ஃபைபர் போட்டுகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால், மணலில் பாதி புதைந்து, கயிறு அவிழ்ந்த நாலைந்து கட்டைகள். கட்டுமரம்தானே என்று கேட்டேன். "ஆமா தம்பி, எங்கப்பா மரம். கட்ட ஆளு இல்ல, அப்படியே கெடக்குது" என்றார்.

கட்டுமரத்தைப் போல மூளையுள்ள வடிவமைப்பு குறைவு. கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, அவ்வளவுதான். அலை ஏறினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், அதனால் மூழ்காது. கரைக்கு வந்தால் அவிழ்த்துக் காயப்போடலாம். அந்தப் பெயரை வெள்ளைக்காரர்கள் கடன் வாங்கினார்கள். இன்று உலகம் முழுக்க 'கேட்டமரான்' என்றால் இரண்டு உடல் கொண்ட, பெரும்பாலும் பணக்காரர்களின் உல்லாசப் படகு. அதில் கட்டும் கிடையாது, மரமும் பெரும்பாலும் கிடையாது. கார்க் கம்பெனிகளுக்கு ரொம்ப முன்னாலேயே நடந்த ரீமேக் அது. பெயர் இருக்கிறது, வேலை போய்விட்டது.

இந்தக் கரையில் நடந்தது நேர் எதிர். சுனாமிக்கு முன்பே வரத் தொடங்கிய ஃபைபர் போட்டுகள் 2004-க்குப் பிறகு நிவாரணமாகக் குவிந்தன. உருவம் போனது, பொருள் போனது, பெயரும் போனது. ஆனால் விடிவதற்கு முன் தொழிலுக்குப் போய்த் திரும்புகிற அந்த வேலை அப்படியே இருக்கிறது. கட்டுமரத்தின் வாரிசு கேட்டமரான் அல்ல, இந்த ஃபைபர் போட்டுதான்.

"மரம் போனதுல வருத்தம் இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்லாம? மரம் கவுந்தா நிமித்தி ஏறிக்கலாம். ஒடஞ்சா நாமளே கட்டிக்கலாம். இதுக்கு டீசல் போடணும், இஞ்சினு கடன் கட்டணும். ஆனா நாள் பூரா தண்ணியில நனைஞ்சுக்கினே துடுப்பு போட்டவங்களக் கேளு, திரும்பப் போறியான்னு. ஒருத்தனும் போவ மாட்டான்." பிறகு எங்கள் வரிசையைக் கையால் காட்டினார். "இதெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க தம்பி? ஓட்டவா, பாக்கவா?"

மீனவரை ஞானியாக்கும் கட்டுரை எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசியது முழுக்க டீசல் விலையும், முகத்துவாரத்தில் மணல் மூடுவதும்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வரும் வழியில் அதே யோசனை. அந்த அளவுகோலை வைத்தால் மாருதி 800-இன் வாரிசு யார்? ஆல்டோதான். 2012-இல் 'ஆல்டோ 800' என்று அந்த எண்ணையே தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு குடும்பத்தின் முதல் கார் என்ற வேலையை அது செய்தது. 2014 ஜனவரியில் பழைய 800 நின்றபோது பத்திரிகைகள் எல்லாம் உருகின. 2023-இல் ஆல்டோ 800 நின்றபோது எங்கள் வட்டத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை செய்கிறவனை யாரும் காதலிப்பதில்லை போல. ஓய்வு பெற்றவனைத்தான் காதலிக்கிறோம்.

இவ்வளவும் யோசித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இந்த வருஷம் அப்பாவின் காருக்கு மறுபடி எஃப்சி எடுக்க வேண்டும். எடுப்பதா, கழித்துக் கட்டுவதா என்று அம்மாவிடம் கேட்டேன். "அப்பா இருந்திருந்தா இத வித்துட்டு ஏசி வண்டி வாங்கியிருப்பாரு" என்றாள். அதே வாரம் சித்தி மகள் போன் செய்தாள். கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்திருக்கிறது, தினம் ஸ்கூட்டியில் போகிறாள். "அண்ணா, மாமா கார் சும்மாதான நிக்குது, நான் ஓட்டட்டுமா? மழைக்காவது நனையாம போவேன்ல."

என் வாதப்படி இது எவ்வளவு சரியான முடிவு. வண்டி தன் வேலைக்குத் திரும்புகிறது. அதுவும் அதே காரணத்துக்காக, மழைக்காக. ஆனால் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. அந்த நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், ஏர்பேக் இல்லாத, அறுநூற்றைம்பது கிலோ தகரத்தில் அவள் போவதை மில்லி செகண்ட் எண்ணிப் பிழைக்கிற நான் எப்படி அனுப்புவது? ஸ்கூட்டியைவிடப் பரவாயில்லையே என்று அவள் கேட்டதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் நானும் அவளும் பாதிப் பாதி போட்டு, இரண்டு ஏர்பேக் உள்ள பழைய ஆல்டோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைதான் கிடைக்கும் போலிருக்கிறது. அவளுக்கு நிறம் பற்றிக் கவலையில்லை.

அப்பாவின் காருக்கு எஃப்சி எடுக்கிறேன். புதுக் கவரும் வாங்கிவிட்டேன். அதற்கு ஆன்மா என்று பெயர் வைக்க மாட்டேன், அந்தச் சிவப்பு மினிக்காரருக்கு அடுத்த ஞாயிறு போட்டோவில் இடம் விடுவேன், அவ்வளவுதான் என்னால் முடிந்த திருத்தம்.

பாக்கத்தான்ணே.