ஊரோடு ஒத்து எழுதுதல்

எழுத்துப் பட்டறை என்றதும் நமக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். தங்கிப் பயிலும் பட்டறைகளை இப்படிப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். யாருக்கு எந்த அறை, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, யார் முன்னால் வாய் திறப்பது என்பதெல்லாம் அங்கே முதல் ஓரிரு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பின்னால் எழுத்தில் தெரியும் துணிச்சலும் தயக்கமும் பெரும்பாலும் அந்த நாள்களில் விளைந்தவை.

இங்கிலாந்தின் ஆர்வன் அமைப்புக்கு இது நன்றாகத் தெரியும். ஜான் ஃபேர்ஃபாக்ஸ், ஜான் மோட் என்ற இரு கவிஞர்கள் 1968இல் தொடங்கியது அது. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று முதலில் சந்தேகப்பட்ட கவிஞர் டெட் ஹியூஸ் பிறகு அதன் பெரிய ஆதரவாளரானார். யார்க்‌ஷயரில் அவருக்குச் சொந்தமாக இருந்த லம்ப் பேங்க் வீடே ஆர்வனின் மையங்களில் ஒன்றானது. அங்கே பட்டறைக்குத் திங்கட்கிழமை பிற்பகலில் வந்து இறங்கினால் சனிக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். ஏறக்குறைய பதினாறு பேர், பாடம் சொல்ல இரண்டு எழுத்தாளர்கள். காலையில் கூட்டுப் பயிற்சி. மதியத்துக்கு மேல் அவரவர் எழுத்து, இடையில் ஆசிரியரோடு தனியாகப் பேச நேரம். இரவுச் சாப்பாட்டை வந்தவர்களே முறைவைத்துச் சமைக்க வேண்டும்.

இந்தச் சமையல் முறைதான் ஆர்வனின் மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பேன். பன்னிரண்டு நாவல் எழுதியவரும் ஒரு கதைகூட முடிக்காதவரும் வெங்காயத்தின் முன்னால் ஒன்றுதான். அறிமுகப் படலத்தில் எல்லோரும் தங்களைப் பற்றிப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ சொல்லிக்கொள்வார்கள். அடுப்படியில் கை வேலையாக இருக்கும்போது பேச்சு தானாக வரும், பொய்யும் குறையும். மறுநாள் உங்கள் பக்கத்தை வாசிக்கப்போகிறவர் நேற்று உப்பைக் கூடுதலாகப் போட்டவர் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

ஆனால் சமையலறை எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. வருடம் முழுக்கக் குடும்பத்துக்குச் சமைத்து, கெஞ்சிக் கூத்தாடி ஐந்து நாள் விடுப்பு வாங்கி வந்த பெண்ணின் கையிலும் கத்தியைத்தான் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் மெக்டவல் உறைவிடம் இதற்கு நேர் எதிர்த் திசையில் யோசித்தது. 1907இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய அந்த இடத்தில் மதிய உணவைக் கூடையில் கொண்டுவந்து குடில் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வேலை கெடக் கூடாது என்பதற்காகக் கதவைத் தட்டுவதுகூட இல்லை. உள்ளே சுவரில் முன்பு தங்கியவர்கள் கையெழுத்திட்ட மரப்பலகைகள் இருக்கும். அவற்றைப் பார்த்து ஊக்கம் பெற்றவர்களும் இருப்பார்கள், இரண்டு நாள் பேனா தொடாதவர்களும் இருப்பார்கள். எனக்குக் கூடைதான் பிடிக்கிறது. ஆனால் புதிதாக எழுத வருகிறவருக்குத் தனிமையைவிட ஆள்துணைதான் தேவை. அதனால் வாக்கை ஆர்வனுக்கே போடுவேன்.

சிக்கல் வட்டத்தில் தொடங்குகிறது. கதையை எல்லோரும் படித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் கருத்துச் சொல்வார்கள், எழுதியவர் கடைசிவரை பேசக் கூடாது. பென்சில்வேனியாவில் 1968இல் ராபின் ஸ்காட் வில்சன் தொடங்கிய கிளாரியன் அறிவியல் புனைகதைப் பட்டறை ஆறு வாரம் இப்படித்தான் நடக்கும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறை உறைவிடப் பட்டறை அன்று, இரண்டாண்டுப் படிப்பு. ஆனாலும் இந்த வழக்கத்தை ஊரெங்கும் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மௌன விதியின் நன்மையை மறுக்க முடியாது. அச்சில் வந்த கதைக்குப் பக்கத்தில் நின்று ஆசிரியர் விளக்கவா போகிறார்?

ஆனால் வாசிப்பவர்களின் அறியாமையும் கதையின் குறையாகவே பதிவாகிறது. கதையில் மாமனார் எதிரே உட்காராமல் நிற்கும் பெண்ணைப் பார்த்து ‘ஏன் நிற்கிறாள், தெளிவாக இல்லையே’ என்று பத்துப் பேர் வரிசையாகச் சொன்னால், எழுதியவர் அடுத்த படியில் ஒரு விளக்கப் பத்தி சேர்ப்பார். அதோடு கதை கெட்டது. முந்தின இரவு சேர்ந்து சாப்பிட்டவர்களைத் திருப்திப்படுத்தும் ஆசையும் இதில் சேர்ந்துகொள்கிறது. முகம் தெரியாத வாசகரைப் பொருட்படுத்தாமல் எழுதிவிடலாம், பழகியவர் முகம் வாடினால் தாங்காது. பட்டறைகள் பெருமையாகச் சொல்லும் ‘மூன்றே நாளில் குடும்பமாகிவிட்டோம்’ என்ற வாசகத்தை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன். எழுதியவரே வட்டத்திடம் கேள்வி கேட்கலாம், பேசலாம் என்று எழுத்தாளர் மாத்யூ சலேசஸ் 2021இல் வந்த தன் நூலில் வாதிடுகிறார். நியாயமான திருத்தம்.

ஒட்டாமல் போவதிலிருந்தே புத்தகம் பிறந்ததும் உண்டு. ஐயோவாவில் எழுத்தாளர் சான்ட்ரா சிஸ்னரோஸ் படித்தபோது, வீடு தரும் நினைவுகளைப் பற்றி பிரெஞ்சுத் தத்துவவாதி பஷ்லாரின் நூலை வைத்து ஒரு விவாதம் நடந்தது. மச்சும் நிலவறையும் உள்ள வீடுகளைப் பற்றி மற்றவர்கள் பேசப் பேச, சிகாகோ வாடகைக் குடியிருப்புகளில் வளர்ந்த அவருக்கு அங்கே சொல்ல எதுவும் இல்லை. அவர்களால் எழுத முடியாததைத்தான் எழுத வேண்டும் என்று அப்போது முடிவெடுத்தார். 1984இல் வந்த ‘த ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’ அப்படி உருவானது. இதைச் சொல்லிப் பட்டறையை மெச்சிவிட முடியாது. அதே அறையில் வாய் மூடி, பிறகு எழுதுவதையே விட்டவர்களின் கணக்கு எந்த முன்னுரையிலும் வராது.

நம் அசோகமித்திரனும் 1973இல் ஐயோவா போனார். அவர் போனது பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு. அங்கே வட்டமும் இல்லை, அவசரமும் இல்லை, தங்குவதற்கு மாதங்கள் இருந்தன. அந்த அனுபவத்திலிருந்து வந்த ‘ஒற்றன்!’ நாவலில் குளிரும் பக்கத்து அறைக்காரர்களும் அசட்டு மனஸ்தாபங்களும்தான் நிறைய. எல்லோரோடும் பழகிக்கொண்டே ஓரடி தள்ளி நிற்கும் அந்தப் பார்வைக்கு நீண்ட கால அவகாசம் வேண்டும். ஐந்து நாள் பட்டறை ஒருவரை ஓரமாக நிற்க விடுவதில்லை. ஓரமாக நிற்பவரைத் தேற்ற யாராவது தேநீரோடு வந்துவிடுவார்கள்.

வந்து சேர்வதற்கு இவ்வளவு யோசிக்கும் பட்டறைகள் திரும்பிப் போவதைப் பற்றி யோசிப்பது குறைவு. எழுத்தாளர் ஹார்லன் எலிசனின் ஊக்கத்தால் 1970இல் கலிஃபோர்னியாவிலிருந்து கிளாரியனுக்கு வந்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். மிகுந்த கூச்ச சுபாவம் கொண்டவர். அங்கேயே இரண்டு கதைகள் விலைபோயின. அவற்றில் ஒன்று அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. அதன்பின் ஐந்து ஆண்டுகள் எதுவும் விற்காமல், கிடைத்த சில்லறை வேலைகளைப் பார்த்துக்கொண்டு எழுதினார். முதல் நாவல் 1976இல் வந்தது. பட்லருக்குப் பிடிவாதம் இருந்தது, தாக்குப்பிடித்தார். மற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து ஆசிரியரிடமிருந்து ‘எதுவரை வந்திருக்கிறது?’ என்று ஒரு கடிதம் வந்தால் போதும். பெரிய செலவில்லை, தபால் தலையின் விலையைக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.