வார்ப்பிரும்பும் மைனர் விதியும்: ஒரு திறனாய்வு

மைனர் விதி என்பது, கூடியும் குறைந்தும் வரும் சுமைகளால் ஓர் உலோக உறுப்பு எப்போது களைத்து உடையும் என்று கணிக்கும் கூட்டல் முறையாகும். பாம்கிரென் 1924 இல் தாங்கிகளுக்காகச் சொன்ன கருத்தை, மைனர் 1945 இல் அலுமினியக் கலவைச் சோதனைகளோடு மீண்டும் முன்வைத்தார். பத்து லட்சம் சுற்றில் உடைக்கும் சுமை இரண்டு லட்சம் முறை வந்தால் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது என்பது இதன் கணக்கு. பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றானால் உறுப்பு உடையும். ஒரே பக்கத்தில் முடியும் எளிமையே இதன் சிறப்பு. வார்ப்பிரும்பில் அந்த எளிமையே குறையாகிறது.

பொருளின் இயல்பு

சாம்பல் நிற வார்ப்பிரும்பில் கரி, கிராபைட் செதில்களாகப் பரவியிருக்கும். ஒவ்வொரு செதிலும் பிறவியிலேயே அமைந்த சிறு விரிசல் போன்றது. அதனால் இது அமுக்கத்தில் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கையே இழுவிசையில் தாங்கும். இங்கிலாந்தில் 1847 இல் டீ பாலம் இடிந்தபின் நடந்த சோதனைகளில், ஒரே தடவையில் உடைக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பத் திரும்ப ஏற்றுவது வார்ப்பிரும்புக்குப் பாதுகாப்பன்று எனக் காணப்பட்டது.

அரவை ஆலை எடுத்துக்காட்டு

நெல் அரவை ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் புதுவயல். சிற்றூர் ஆலைகளில் ஓடிய ஆயில் எஞ்சின் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் நான்கடி எஞ்சின், நிமிடத்துக்கு 325 முறை தண்டை முறுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 1,56,000 முறுக்குகள். 65 நாளில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். பெல்ட்டின் இழுப்பு, கப்பியின் ஆரக்கால்களைச் சுற்றுக்கு ஒரு முறை வளைக்கும். எஞ்சினை ஓட்டி நிறுத்தும்போதெல்லாம் சுழற்சியின் வெளிநோக்கு விசை ஏறி இறங்கும். வேகம் 10 விழுக்காடு கூடினால் அவ்விசை 21 விழுக்காடு கூடும். வார்க்கும்போது சீரற்றுக் குளிர்ந்ததால் உள்ளே தங்கிய இறுக்கமும் இவற்றோடு சேரும்.

விமர்சனம்

முதலாவதாக, விதி சுமைகளின் வரிசையைப் பார்ப்பதில்லை. பெல்ட் சிக்கி வரும் ஒரு பெரிய அதிர்ச்சி விரிசலைத் திறந்துவிட்டால், முன்பு தீங்கற்றிருந்த சிறு சுமைகளும் அதை வளர்க்கும். கணக்கிலோ அச்சிறு சுமைகளின் பங்கு சுழியமாகவே இருக்கும்.

இரண்டாவதாக, முறுக்கும் வளைவும் வெவ்வேறு தாளத்தில் வரும்போது பெரும இழுவிசையின் திசை மாறிக்கொண்டே இருக்கும். முறுக்கி உடைத்த சாக்பீஸில் தெரியும் சாய்ந்த திருகு முறிவு, வார்ப்பிரும்பும் இழுவிசைக்கே உடைகிறது என்பதை விளக்கும். விதியில் திசைக்கு இடமில்லை.

மூன்றாவதாக, 1963 இல் வந்த பாரிஸ் விதி விரிசல் வளர்ச்சியை அளந்தாலும், அது ஒரு நீண்ட விரிசலைப் பற்றியது. இங்கோ பல குறு விரிசல்கள் செதிலுக்குச் செதில் தாவி இணைகின்றன.

மதிப்பீடு

மைனர் விதியை முதல் தோராயமாகக் கற்பிக்கலாம். உறுப்பைத் தொடர்ந்து ஓட்டலாம் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. களைப்பு என்ற சொல்லும் மாணவரை ஏமாற்றக்கூடும்: ஓய்வு கொடுத்தால் விரிசல் ஆறாது. சுத்தியலால் தட்டிக் கேட்பது பெரிய விரிசலை மட்டுமே காட்டும். ஆரக்கால் அடியையும் கீவே மூலைகளையும் சாய ஊடுருவல் சோதனையால் பார்ப்பதே தக்கது. விரிசல் கண்ட பிளைவீலைப் பற்றவைத்து ஓட்டினால், பற்றவைப்பின் ஓரத்தில் இரும்பு மேலும் நொறுங்குதன்மை அடையலாம். அது சிதறினால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து என்பதால், அதை மாற்றிவிடுவதே சரியான கணக்கு.