வேடம் புனைதலும் பார்க்கப்படுதலும்
இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

வேடம் புனைதல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிக்காட்டும் பதினோராடல்களுள் ஒன்று, காமன் தன் ஆண்வடிவை நீத்துப் பேடியுருக் கொண்டு ஆடியது. பிறிதொன்று, இந்திராணி உழத்தி வடிவில் ஆடியது. நாடகக் கணிகை ஒருத்தி தெய்வமாக வேடங்கொள்ள, அத்தெய்வமோ வேறொரு வேடத்துள் நிற்கின்றது. இவ்வாறு வேடத்துள் வேடம் புனையும் கலையை நன்கறிந்த மரபினர் நாம். எனினும், இன்று நம் மாணவர் பலர் இரவு நேரங்களில் கணினித் திரையின் முன்னமர்ந்து புனையும் வேடங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாக நாம் கருதியதில்லை. ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரு சொல்லால் அவற்றைத் தள்ளிவிடுகிறோம். இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் விளையாடுவோர் தம் பாத்திரத்தின் தோற்றத்தை அமைத்துக்கொள்ளும் முறையினை நம் அரங்க மரபோடும் கொழும்புத் தமிழரின் வரலாற்று அனுபவத்தோடும் இயைத்து நோக்க இக்கட்டுரை முயல்கின்றது.

இவ்விளையாட்டுகளில் விளையாடுபவரைத் திரையில் குறித்து நிற்கும் உருவத்துக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் நம்மிடமிருந்து சென்ற ‘அவதாரம்’ என்னும் சொல்லே. 1985இல் வெளிவந்த ‘அல்ற்றிமா 4’ என்ற விளையாட்டும், அதனையடுத்து வந்த ‘ஹபிற்றாற்’ என்ற இணைய உலகும் அச்சொல்லைக் கணினியுலகிற் பரப்பின. ஆயின் பொருள் தலைகீழாயிற்று. நம் புராணங்களில் அவதாரம் என்பது மேலிருப்போன் கீழிறங்கி வருதல். பேருருவினன் மீனாகவும் ஆமையாகவும் குறளனாகவும் தன்னைச் சுருக்கிக்கொள்ளுதல். விளையாட்டிலோ எளிய மனிதன் ஒருவன் வீரனாக, மந்திரவாதியாக மேலேறுகின்றான்.

நமது கூத்து மரபில் வேடம் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதை முதலில் நோக்குவோம். மட்டக்களப்புக் கூத்தில் ‘சட்டம் கொடுத்தல்’ என்னும் நிகழ்வின் போது இன்னார்க்கு இன்ன பாத்திரம் என அண்ணாவியார் பகிர்ந்தளிப்பார். ஆளின் உடலமைப்பும் குரல்வளமும் ஆடுந்திறனும் கருத்திற் கொள்ளப்படும். வடமோடி அரசனுக்குரிய கிரீடம், கரப்புடுப்பு முதலியன மரபு வகுத்தவை. ஆடுபவன் தன் விருப்பப்படி அவற்றை மாற்றுதல் இயலாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ எனப் பேராதனையில் கூத்துகளைப் புதுக்கி மேடையேற்றிய போதும், வேடம் பாத்திரத்துக்குரியது, நடிகனுக்குரியதன்று என்னும் அடிப்படை மாறவில்லை. ஊரார் பார்த்த மாத்திரத்தில் இவன் அரசன், இவன் மந்திரி என இனங்கண்டுகொள்வதற்கு அவ்வேடம் ஒரு பொதுமொழியாக அமைந்தது.

இணைய விளையாட்டிலோ விளையாடுபவரே அண்ணாவியார். ஒப்பனையாளரும் ஆடுபவரும் அவரே. இதன் தோற்றுவாய் இலக்கிய மாணவர்க்குச் சுவை பயப்பதாகும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் றோய் ற்றப்ஷோ, றிச்சர்ட் பார்ற்றில் ஆகியோர் உருவாக்கிய ‘மட்’ என்னும் விளையாட்டில் படங்களே இல்லை, யாவும் சொற்களே. அதன் வழிவந்த ‘லம்டாமூ’ என்ற உலகில் (1990) ஒவ்வொருவரும் தம் தோற்றத்தைத் தாமே எழுதிக்கொண்டனர். அது வருணனைக் கலையே. வருணனைக்கு எல்லை எழுதுவோனின் கற்பனைதான். பின்னர்ச் சொல்லின் இடத்தைப் படம் பிடித்தது. 2004இல் வந்த ‘சிற்றி ஒஃப் ஹீரோஸ்’ உடைகளைப் பலவாறு இணைத்துப் புனையும் வசதியாற் புகழ்பெற்றது. கொரியாவின் ‘பிளாக் டெசேர்ட்’ கன்ன எலும்பையும் மூக்கின் வளைவையும் சிற்பிபோற் செதுக்க இடந்தந்தது. எனினும் படம் வந்தபோது பட்டியலும் உடன்வந்தது. ஆக்குவோர் வகுத்த கூறுகளுக்குள்ளேயே விளையாடுவோர் தெரிவு செய்ய வேண்டியவராயினர். மரபு இருந்த இடத்தில் இன்று பட்டியல் இருக்கின்றது. கூத்தின் மரபை ஊர் அறியும். அதனோடு வாதிடவும் இயலும். பட்டியலை வகுத்தோர் முகத்தை நாம் காண்பதில்லை.

இவ்விடத்து ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் காட்சி, பாத்திரத்தின் பின்புறமிருந்தே அமைகின்றது. மணிக்கணக்கிற் செதுக்கிய முகத்தை ஆடும்போது விளையாடுபவர் மிக அரிதாகவே காண்கிறார். தம் பாத்திரத்தின் முதுகையே காண்கிறார். அம்முகத்தைக் காண்போர் எதிரே வரும் பிறரே. ஆகவே, தோற்றம் அமைத்தலை வெறும் தற்காதல் எனக் கொள்வது பொருந்தாது. தான் எவ்வாறு பார்க்கப்படல் வேண்டும் என்பதைத் தானே வகுக்கும் முயற்சி அது. அம்முயற்சி ஆடுபவரின் நடத்தையையும் மாற்றவல்லது. ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிக் யீ, ஜெறமி பெய்லன்சன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயரமான உருவம் அளிக்கப்பட்டோர் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் கூடிய உறுதியோடு நடந்துகொண்டனர் எனக் காட்டிற்று. கிரீடந் தரித்ததும் நடை மாறுவதைக் கண்ட கூத்தர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது.

தன்னிலும் வேறான தோற்றத்தைத் தெரிவு செய்தல் பொய்மையென்றும், தன்னினத்தை மறைக்கும் தாழ்வு மனப்பான்மையென்றும் கூறுவாருளர். ஆண்மகன் பெண்ணுருக் கொண்டு விளையாடுவதை எள்ளி நகையாடுவாரும் உளர். சந்திரமதியாகவும் சீதையாகவும் ஆடவரே நெடுங்காலம் ஆடிய மேடையை மறந்தவர்களே இவ்வாறு கூறவியலும். ஆனால் முதலாவது குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதனை எடைபோட நாம் கொழும்புக்கு வருதல் வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர்க்குத் தோற்றம் என்பது விளையாட்டாக இருந்ததில்லை. 1983 யூலையில் நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு வீதியிற் செல்ல நேர்ந்த பெண்களின் நினைவு நம் குடும்பங்களில் இன்னும் அழியவில்லை. ஒரு சிறு பொட்டு உயிருக்கும் சாவுக்கும் இடைநின்ற நாட்கள் அவை. பின்வந்த ஆண்டுகளில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையின் பெயரும் பிறந்த இடமும் பேச்சின் ஓசையும் முகத்தினும் முன்னதாகப் படிக்கப்பட்டன. 2007 யூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை முதலாய பகுதிகளின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. தான் எவ்வாறு பார்க்கப்படுகிறான் என்பது தன் கையில் இல்லாத ஒரு சமூகத்தின் அனுபவம் இது. அச்சமூகத்தின் வழிவந்த மாணவன் ஒருவன் தன் அடுக்குமாடி அறையிலிருந்து, பெயரையும் முகத்தையும் தானே தெரிந்தெடுத்து, ஒருவராலும் வினவப்படாது ஓர் உலகினுட் புகுவானாயின், அதனைத் தன்மறுப்பு என்று மட்டும் கூறுதல் நீதியாகாது. படிக்கப்படாதிருத்தலும் ஓர் ஓய்வே.

ஆயினும் இவ்வாதத்தை ஓரெல்லைக்கு மேல் நீட்டுதல் கூடாது. தன் முகத்தை விடுத்து வேறொன்றைத் தெரிதல் ஒன்று; தன் முகம் பட்டியலிலேயே இல்லாதிருத்தல் மற்றொன்று. முன்னது வேடம், பின்னது விலக்கு. 2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஒஃப் வோகிராஃப்ற்’ என்னும் பெருவிளையாட்டில் ‘மனிதர்’ எனப்பட்ட குலத்தின் முகங்கள் நெடுங்காலம் ஐரோப்பிய அச்சிலேயே வார்க்கப்பட்டிருந்தன. 2020இலேதான் பல்லின முகங்களும் நிறங்களும் போதிய அளவிற் சேர்க்கப்பட்டன. வனதேவதைக்கும் அரக்கனுக்கும் இடமிருந்த உலகில், மனிதன் என்ற சொல்லுக்குள் நமக்கு இடங்கிடைக்கப் பதினாறு ஆண்டுகள் சென்றன. இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ‘றஸ்ற்’ என்னும் விளையாட்டு 2015இல் தோல்நிறத்தையும் 2016இல் பாலினையும் விளையாடுவோரின் விருப்பத்துக்கு விடாது, அவரவர் கணக்கிலக்கத்தைக் கொண்டு தானே விதித்தது, மாற்றவும் இடமளிக்கவில்லை. பலர் சினந்தனர். பிறப்பால் வாய்த்த உடலோடு வாழ்தல் எத்தகையதென அன்றுவரை எண்ணிப்பாராதோர் சிலர் அச்சினத்தின் வாயிலாகவேனும் எண்ணியிருத்தல் கூடும்.

பொருளாதார அடிப்படையையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. கரப்புடுப்பின் பாரம் ஆட்டத்தையே கட்டுப்படுத்தும். அங்கு உடையும் செயலும் ஒன்று. விளையாட்டுகளிலோ வலிமை தரும் கவசத்தை அணிந்துகொண்டே வேறோர் உடையின் தோற்றத்தைக் காட்டும் முறை பரவியுள்ளது. மேற்கூறிய பெருவிளையாட்டில் அது 2011இற் புகுந்தது. செயலினின்று பிரிந்த தோற்றம் தனிச்சரக்காகின்றது. ‘ஃபைனல் ஃபான்ரசி 14’ இல் உருவத்தை முற்றாக மாற்றவல்ல மருந்துக் குப்பி நிறுவனத்தின் கடையில் உண்மைப் பணத்துக்கே விற்கப்படுகின்றது. பார்க்கப்படும் முறையைத் தானே தீர்மானிக்கும் உரிமை இங்ஙனம் வாங்கும் ஆற்றலுக்கு உட்படுகின்றது. கூத்தின் செலவை ஊர் ஏற்றது. இங்கு ஒவ்வொருவரும் தனித்தனியே செலுத்துகின்றனர்.

எனவே இத்துறையிற் திறனாய்வாளர் வினவ வேண்டியவை இரண்டு எனலாம். விரும்பியபோது தன்னை மறைத்துக்கொள்ள இவ்வுலகு ஒருவனுக்கு இடந்தருகின்றதா? விரும்பியபோது தன் முகத்தோடும் தன் பெயரோடும் அதனுள் நிற்க இடந்தருகின்றதா? முதலாவதை மட்டும் தருவது நமக்குப் பழகிய நிலைதான். பொட்டை அழித்துக்கொண்டு நடக்கும் வழி அது. இரண்டாவதை மட்டும் தருவது அடையாள அட்டையாகிவிடும். இரண்டும் ஒருங்கே அமையும்போதுதான் வேடம் கலையாகின்றது. இம்மேடையில் ஆடுவோராக மட்டுமன்றிப் பட்டியலை வகுப்போராகவும் நம் மாணவர் வருதல் வேண்டும். கணினித்துறை பயிலும் தமிழ் மாணவர் பல்கிவரும் இந்நாளில் இது எய்தற்கரிய செயலன்று. அண்ணாவியாரின் இடம் அவர்களுக்கும் உரியது.